புளி போட்டுத் துலக்கிய கிளிஞ்சல்கள்

சுரங்கத்துச் சாம்பிள் ரூமில் இப்போது நாலைந்து கல் பைகளை ஒரே சமயத்தில் மேஜைமேல் அவிழ்த்துக் கொட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள். போன வாரம் பழைய ஆட்களைப் பார்த்துவிட்டு வரலாமென்று போனவன், வாசலில் நின்றபடியே அதைப் பார்த்துவிட்டேன். ஆத்திரம் தாங்கவில்லை. வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவன் வாயை மூடிக்கொண்டு திரும்பியிருக்க வேண்டும். நான் திரும்பவில்லை, உள்ளே போய்க் கத்தினேன். அங்கே இருப்பவர்கள் நல்ல பிள்ளைகள். ஒருவன் நாற்காலியை இழுத்துப் போட்டு, “உக்காருங்க சார். கல்லுக்குப் போயி இம்மாங் கோவம் இன்னாத்துக்கு? ஒரு பையைத்தான் அவுக்கணும்னு எங்களுக்கு யாரும் சொல்லலியே” என்றான். அவன் சொன்னது நியாயம்தான். யாரும் சொல்லவில்லை. ஆகவே நான் சொல்லிவிடுகிறேன்.

என் அப்பா வட ஆற்காட்டிலிருந்து மாரிகுப்பத்துக்குத் தங்கச் சுரங்க வேலைக்கு வந்தவர். என்னை மட்டும் ஷாஃப்டுக் குழிக்குள் இறக்கக் கூடாது என்பது அம்மாவின் பிடிவாதம். மிஷன் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். பாதிரியார் ஒரு வார்த்தை சொல்லிவைத்ததில் சாம்பிள் ரூமில் சேர்த்துக்கொண்டார்கள். கல் சுமந்தேன், இடித்தேன், சலித்தேன், பைக்குச் சீட்டு கட்டினேன். கொஞ்ச காலத்தில் கல்லுத்துரையின் மேஜைக்கு என்னை மாற்றினார்கள். என் பிழைப்பு அதற்கப்புறம்தான் பிழைப்பாயிற்று.

கல்லுத்துரை என்பது கூலிக்காரர்களின் லைன் வீடுகளில் எங்கள் ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர். அவர் அதற்குமுன் பஞ்சாப் பக்கம் உப்பு மலையில் வருஷக்கணக்காகச் சுற்றிப் பாறை பார்த்தவர். அங்கே காய்ச்சல் பிடித்து உடம்பு கெட்டு, குளிர்ச்சியான ஊரென்று இங்கே வந்தார். தங்கம் ஓடும் பாறை எந்த லெவலில் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துச் சொல்வதற்குச் சுரங்கத்தார் அவரை வைத்துக்கொண்டார்கள். காலையில் சுரங்கத்துக் கல். மத்தியானத்துக்கு மேல் அவர் கையோடு கொண்டுவந்த உப்பு மலைப் பெட்டிகள். அவற்றில்தான் கிளிஞ்சல்கள் இருந்தன.

மலையில் ஏது கிளிஞ்சல் என்று நானும் கேட்டேன். அந்த மலை ஒரு காலத்தில் கடலடியாக இருந்தது, சேறு படிந்து படிந்து கல்லாயிற்று, அந்தச் சேற்றில் கிடந்த ஓடுகளும் கல்லோடு கல்லாகிவிட்டன என்றார். உலகத்தில் ஓடு கட்டிய ஜீவன்களில் மிகவும் பழைய கூட்டம் இது, இதற்கு முந்தியது யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். “நம்ம ஊர்ப் பாறையில் இருக்காதா?” என்றேன். இங்கே இருப்பது ஓடே உண்டாகாத காலத்துக் கல், நீ ஆயுசு முழுக்க உடைத்தாலும் ஒன்றும் வராது என்றார். எனக்கு என்னவோ மனசு கஷ்டமாக இருந்தது.

உப்பு மலையில் அவர் நான்கு அடுக்குகளைப் பிரித்திருந்தார். மேலே செங்கல் நிறத்துக் கல். அதன் கீழே பாலேடு நிறத்தில் இறுகிய கல். அதற்கும் கீழே தகடு தகடாகப் பிரியும் கறுப்புக் கல். எல்லாவற்றுக்கும் அடியில், அதனாலேயே எல்லாவற்றிலும் பழையதாக, நாவல்பழச் சாயம் ஏறினது போன்ற ஊதா மணற்கல். எந்த அடுக்கில் எடுத்ததோ அந்த அடுக்கின் பையில் போட்டு, அங்கேயே முடிச்சுப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். முடிச்சை அவர்தான் அவிழ்ப்பார். மேஜையில் ஒரு பைதான் இருக்கும். அதிலுள்ள கடைசித் துணுக்கு உரிய தட்டுக்குப் போய், மேஜையைத் துடைத்து, துடைத்த துணியையும் வெளியே உதறின பிறகுதான் அடுத்த பை வரும்.

வேலை இப்படி. மணல் அடைத்த மெத்தைமேல் கல்லை வைத்து, படிவு ஓடும் வாக்கில் சின்னச் சுத்தியலால் தட்ட வேண்டும். குறுக்கே தட்டினால் ஓடு இரண்டாகிவிடும். கல் பிளந்ததும் ஈரத் துணியால் ஒற்றினால் ஓடு இருக்கும் இடம் மட்டும் மினுங்கும். பெரும்பாலும் சுண்டுவிரல் நகத்தளவுதான், நகத்தைப் போலவே மெல்லிசு. மூங்கில் குச்சியில் செருகிய ஊசியால் சுற்றிலும் இருக்கும் கல்லைத் துகள் துகளாக எடுக்க வேண்டும். பிறகு துரை லென்ஸை வைத்துப் பார்ப்பார். இரண்டு ஓடும் சேரும் கீல் எப்படி இருக்கிறது, வளர்ந்த கோடுகள் வட்டமா நீளமா, உட்புறம் சதை ஒட்டியிருந்த தழும்பு எங்கே என்று என்னிடம் ஒவ்வொன்றாகக் கேட்பார். நான் பதில் சொன்னால் சரியென்றோ தப்பென்றோ சொல்ல மாட்டார். கல்லைத் திருப்பி என் முன்னால் வைத்து, “மறுபடியும்” என்பார். அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. அந்த ஒரு வார்த்தைக்கு நான் பயந்த மாதிரி எங்கள் அப்பாவின் பெல்டுக்குக் கூடப் பயந்ததில்லை.

சீட்டில் முதலில் எழுதுவது அடுக்கு. இனத்தின் பெயரைக் கடைசியில்தான் எழுதுவார். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாவிட்டால் எது முந்தியது, எது பிந்தியது என்று சொல்ல வழியில்லை, பெயர் வைத்து என்ன பிரயோஜனம் என்பது அவர் கட்சி.

அந்த மேஜைக்கு இன்னொரு ஆளும் உண்டு. முனுசாமி அண்ணன். குடியாத்தம் பக்கத்துக்காரர். அண்டர்கிரவுண்டில் வெடி அடிக்கிற இடத்தில் வேலை பார்த்து, ஒரு விபத்தில் இடது காலை முழங்காலோடு இழந்தவர். கட்டையை ஊன்றிக்கொண்டு நடப்பார். கூலிக்காரனுக்குக் கால் போனால் லைன் வீட்டைக் காலி செய்துகொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். ஊரில் அவருக்குக் காணி நிலம் கிடையாது. மனைவி பொன்னம்மா, கல்யாணத்துக்கு நிற்கும் இரண்டு பெண்கள். கல்லுத்துரைதான், உட்கார்ந்து செய்யும் வேலை இருக்கிறது என்று அவரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். பெட்டி திறப்பது, மெத்தைக்கு மணல் மாற்றுவது, ஊசி தீட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. கை அவ்வளவு சுத்தம். ஆனால் வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. பையை அவிழ்க்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். ஏன் கூடாது என்று நாங்கள் யாரும் விளக்கவில்லை.

ஆயுதபூஜை வந்தது. துரை பெங்களூருக்குப் போயிருந்தார். நாங்கள் வேதக்காரர்கள், எனக்கு அந்தப் பூஜை கிடையாது. பங்காருபேட்டையில் சித்தப்பா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள் என்று நான் அங்கே போய்விட்டேன். சாவி முனுசாமி அண்ணனிடம் இருந்தது. எங்கள் சுரங்கத்தில் ஆயுதபூஜை என்றால் சாமானியப்பட்ட விஷயமில்லை. பாலகாட் சுரங்கம் வரைக்கும் ஷாஃப்டுக்கு ஷாஃப்டு ஆளை இறக்கும் கேஜைக் கழுவி, கயிற்றுச் சக்கரத்துக்கு மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்து, எவன் எந்தச் சாமானால் சோறு தின்கிறானோ அதற்குப் பொட்டு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான்.

பூஜை முடிந்து துரையும் நானும் ஒன்றாகத்தான் உள்ளே நுழைந்தோம். மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பெரிய கற்கள் பின்வரிசை, சின்னவை முன்வரிசை. உதிர்ந்த ஓடுகள் எல்லாம் ஒரு தாம்பாளத்தில் வட்டம் வட்டமாக அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் சந்தனம், அதன்மேல் குங்குமம். சுத்தியலுக்கும் லென்ஸுக்கும் தனித்தனிப் பூ. நான்கு பைகளும் துவைத்து மடித்துச் சுவரோரம் இருந்தன.

“துரையோட ஆயுதம் இதானே? அதான் பூசைக்குத்தானேன்னு பைங்கள அவுத்து எல்லாத்தியும் அண்டாவுல போட்டு, சாம்பலும் புளியும் வெச்சி நல்லா தேச்சி கழுவினேன். எத்தினி அயுக்கு துரை, நீங்க பாக்கணுமே” என்றார் முனுசாமி அண்ணன். அவர் முகத்தில் அத்தனை சந்தோஷம். நான் துரை பக்கம் திரும்பினேன்.

துரை தொப்பியைக் கழற்றினார். ஒரு பாலேட்டுக் கல்லை எடுத்துப் பார்த்தார். நாங்கள் வெள்ளைச் சாயத்தில் எழுதிய எண் போயிருந்தது. புளி பட்டு மேல்பரப்பும் சொரசொரவென்று அரித்திருந்தது. அதை வைத்துவிட்டுத் தாம்பாளத்தைப் பார்த்தார். உதிர்ந்த ஓடுகளில் எது எந்தப் பையில் இருந்தது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அதிலும் அந்த ஊதாப் பையின் முடிச்சை அவரே இன்னும் அவிழ்த்திருக்கவில்லை. ஊதாக் கல்லில் உயிரின் சுவடே இல்லை என்றுதான் எல்லாரும் எழுதியிருந்தார்கள். ஒரு ஓடு கிடைத்தாலும் கிடைக்கும் என்று கடைசியாகப் பார்க்க வைத்திருந்தார்.

பிறகு என்னிடம் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு துணுக்கும் அதனதன் தட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும். கிறிஸ்துமஸ் வரைக்கும் பார்ப்பேன். போகாவிட்டால் இந்த ஆளை இந்த மேஜையில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. இதை அப்படியே அவனுக்குச் சொல்.

நான் சொன்னேன். முனுசாமி அண்ணன் சந்தனம் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிய வைக்க எனக்கு அன்று முழுக்க ஆயிற்று. புரிந்ததும் அழுதார். நான் அவரை நன்றாகத் திட்டினேன். திட்டிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தேன்.

கல்லோடு ஒட்டியிருந்தவை சுலபம், நிறமே சொல்லிவிடும். உதிர்ந்தவைதான் உயிரை வாங்கின. ஓட்டின் குழிவுக்குள் ஊசி முனையை விட்டுச் சுரண்டினால் சிலதில் பழைய மண்ணின் பொடி கொஞ்சம் தங்கியிருக்கும். அதை வெள்ளைத் தாளில் தட்டி லென்ஸில் பார்க்க வேண்டும். செங்கல் நிறமா, கறுப்புத் தகட்டுத் தூளா, பாலேட்டு நிறமா, ஊதா மணலா என்று அடையாளம் சொல்ல வேண்டும். நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்ட பிறகு துரை பார்ப்பார். அவருக்குச் சந்தேகம் வந்தால், “மறுபடியும்.” முனுசாமி அண்ணன் அந்த வார்த்தையைத் தூக்கத்திலும் சொல்கிறார் என்று பொன்னம்மா அண்ணி என்னிடம் சொல்லி அழுதார்.

தாம்பாளம் மெல்ல மெல்லக் காலியாயிற்று. பெரும்பாலும் கறுப்புத் தட்டுக்கும் பாலேட்டுத் தட்டுக்கும் போயின. ஊதாத் தட்டில் வெறும் கல்லைத் தவிர ஒன்றும் சேரவில்லை. கடைசியில் ஒன்று மிஞ்சியது. மற்றவை போல இரண்டு ஓடு சேரும் ஜாதி இல்லை அது. ஒற்றை ஓடு, சின்னத் தொப்பி மாதிரி கூம்பி, நுனி மட்டும் ஒரு பக்கம் லேசாகச் சுருண்டிருந்தது. அப்படி ஒன்றை அதற்குமுன் நாங்கள் பார்த்ததில்லை. குழிவுக்குள் ஒரு பொடிகூட இல்லை. புளியும் தேங்காய் நாரும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்திருந்தன.

அதைப் பார்த்த நாளிலிருந்து துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பட்லர் கொண்டுவந்த டீ ஆறி ஆடை கட்டிக் கிடக்கும். அந்த ஓடு கறுப்புப் பையில் இருந்ததென்றால் பத்தோடு பதினொன்று. ஊதாப் பையில் இருந்ததென்றால் அதுவரை யாரும் கண்ணால் காணாத பழைய ஓடு அதுதான், அவருடைய அத்தனை வருஷக் காய்ச்சலுக்கும் அலைச்சலுக்கும் பலன் அது. இதை அவர் என்னிடம் ஒளிக்கவில்லை. ஒரு சனிக்கிழமை முனுசாமி அண்ணனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். தமக்குத் தெரிந்த தமிழில், “முனுசாமி, இது எந்தப் பை? நல்லா யோசி. திங்கள்கிழமை சொல்லு” என்றார். பொய் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர் இல்லை. ஆனால் ஊதாத் தட்டை இழுத்துத் தம் கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜெபம் முடிந்து நேரே முனுசாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“ண்ணா, ஊதாப் பைன்னு சொல்லிடுங்க. தொல்லை வுட்டுது” என்றேன்.

“எனக்கு தெர்யாதே தானியேலு. எல்லாத்தியும் ஒரே அண்டாவுலதான் கொட்னேன். இது அடில கெடந்திச்சி. எந்தப் பைல இருந்து வுழுந்திச்சின்னு நான் இன்னாத்த கண்டேன்?”

“ஊதாவா இல்லன்னும் உங்களுக்குத் தெரியாதில்ல? அப்புறம் சொல்றதுக்கு இன்னா? துரைக்கும் சந்தோஷம், உங்களுக்கும் வேலை நிக்கும்.”

பொன்னம்மா அண்ணி அடுப்பை விட்டு எழுந்து வந்தார். “அதத்தான் தம்பி நானும் சொல்றேன். செத்துப்போன நத்தைக்கு ஊரு எதுவா இருந்தா யாருக்கு இன்னா? உயிரோட கீற நாலு பேருக்கு ஊடு வேணும். சொல்லிட்டு வாய்யா.”

முனுசாமி அண்ணன் முழங்காலோடு துண்டான காலைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: “கால் போன அன்னிக்கி ஷிஃப்டு மாறும்போது மேஸ்திரிகிட்ட கேட்டேன், வெடி வெச்ச குழியெல்லாம் வெடிச்சிச்சா, எண்ணுனியான்னு. அவன் எண்ணல. எண்ணலன்னு சொல்லிருந்தா நான் போயிருக்க மாட்டேன். எல்லாம் வெடிச்சாச்சி, எனக்கு தெரியும் போன்னான். நல்லவன்தான், வேணும்னு செய்யல. வேலை நின்னுடக் கூடாதேன்னு சொன்னான். போயி வெடிக்காத குழில கடப்பாறைய வெச்சேன். அந்தத் துரை, நான் சொல்றத நம்பிதானே எழுதுவாரு? அவுருக்குப் பின்னால வர்றவன் அதும்மேல கடப்பாறைய வெப்பான் இல்ல?”

எனக்குக் கோபம்தான் வந்தது. வெடியும் கிளிஞ்சலும் ஒன்றா, உங்கள் பெண்களை நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டு, அண்ணி கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை துரை எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். நான்கு தட்டுகளும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. நடுவில் வெள்ளைத் தாளில் அந்த ஒற்றை ஓடு.

“சொல்லு முனுசாமி.”

“தெர்யாது துரை.”

“மறுபடியும். யோசிச்சு சொல்லு.”

“ரெண்டு நாளா தூங்காம யோசிச்சேன் துரை. தெர்யாது. நான் கலந்துட்டேன். எனக்கு தெர்யாது.”

துரை நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவர் முகத்தை நான் பார்த்தேன். காய்ச்சல் கண்ட நாட்களில்கூட அவர் அத்தனை களைத்துப்போய் இருந்து நான் பார்த்ததில்லை. முனுசாமி அண்ணன் மேலே கட்டியிருந்த ஏப்ரன் துணியை அவிழ்த்து, மடித்து, ஸ்டூல்மேல் வைத்தார். ஊசிகளைத் தீட்டி வைத்திருப்பதாக என்னிடம் சொன்னார். கட்டையை எடுத்து ஊன்றிக்கொண்டார்.

துரை எழுந்தார். அலமாரிக்குப் போய்க் காலித் தட்டு ஒன்றைத் தாமே எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து, நான்கு தட்டுகளுக்கும் பக்கத்தில் வைத்தார். சீட்டு ஒன்றில் எழுதி என்னிடம் நீட்டி, இதைத் தமிழிலும் எழுது, அவனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்றார். அடுக்கு தெரியாது என்று அதில் இருந்தது. எழுதிக் கொடுத்தேன். துரை அந்த ஓட்டை ஈர பிரஷ்ஷின் நுனியால் தூக்கி, புதுத் தட்டில் வைத்து, சீட்டையும் பக்கத்தில் வைத்தார். பிற்பாடு அவர் எழுதி லண்டனுக்கு அனுப்பிய கட்டுரையைப் படியெடுத்தவன் நான். அதில் அந்த ஓட்டைப் பற்றி ஒரு வரி கிடையாது.

தாம்பாளத்தைத் தூக்கிக் கவிழ்த்துக் காட்டி, “எல்லாம் தட்டுக்குப் போயாச்சா?” என்று தமிழில் கேட்டார்.

“போயாச்சு துரை” என்றேன்.

“அப்போ சரி” என்று உட்கார்ந்து, ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார்.

முனுசாமி அண்ணனுக்கு விளங்கவில்லை. போகச் சொல்லிவிட்டார் என்றே நினைத்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பினார். நான் ஓடிப்போய்த் தோளைப் பிடித்து, அந்த ஓட்டுக்கும் தட்டு போட்டுவிட்டார், உங்கள் வேலைக்கு ஒன்றுமில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், துரையைப் பார்த்தார், ஏப்ரனை எடுத்து மறுபடியும் கட்டிக்கொண்டார்.

சாயங்காலம் அவரோடு நானும் லைன் வரைக்கும் நடந்தேன். பொன்னம்மா அண்ணி வாசலிலேயே நின்றிருந்தார். உள்ளே ஊருக்குப் போகத் தயாராக இரண்டு பெட்டிகளைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருந்தது தெரிந்தது.

“இன்னாய்யா சொன்ன?” என்றார்.

“தெர்யாதுன்னு சொன்னேன்.”

அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பெண்கள் இரண்டும் உள்ளே அழ ஆரம்பித்தன. முனுசாமி அண்ணன் கட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டு, கயிற்று முடிச்சை அவிழ்க்கக் குனிந்தார்.

“எய்ந்திரு” என்றார். “காலைல வேலைக்குப் போவணும். சோறு கட்டிக் குடு.”